பிராக் போகிறவர்கள் கேட்டவை

ஏர்போர்ட்டிலிருந்து பழைய நகருக்கு டாக்ஸி இல்லாமல் வர முடியுமா?

தாராளமாக. 59-ஆம் நம்பர் டிராலி பஸ்ஸில் வெலெஸ்லாவீன் மெட்ரோ வரைக்கும், அங்கிருந்து பச்சை நிற ஏ லைன். முக்கால் மணி நேரம் போதும், ஒரே 90 நிமிட டிக்கெட். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் மெஷினில் நுழைத்து முத்திரை குத்துங்கள், ஒரே ஒரு முறை. மெட்ரோவில் தடுப்புக் கதவே கிடையாது என்பதால் பலரும் குத்தாமலேயே உள்ளே போய்விடுகிறார்கள். சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் "தெரியாது" என்று சொல்லிப் பயனில்லை.

குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

குடிக்கலாம்.

ஈரோ எடுத்துப் போனால் போதும்தானே? மாற்ற வேண்டுமென்றால் எங்கே மாற்றுவது?

போதாது. செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் பணம் கொருனா. இதை எத்தனை முறை எழுதினாலும் மறுபடி இதே கேள்வி வருகிறது, கொஞ்சம் படித்துவிட்டுக் கேளுங்கள். சில கடைகள் ஈரோ வாங்கும், ஆனால் விகிதம் அவர்கள் வைத்ததுதான், மீதியைக் கொருனாவில் கொடுப்பார்கள்.

நான் முதல் முறை போனபோது பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மாற்றுக் கடையில் "கமிஷன் 0%" என்று பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்து 200 ஈரோவை நீட்டினேன். ஐயாயிரம் கொருனாவுக்கு மேல் வரவேண்டிய இடத்தில் நாலாயிரம்கூட வரவில்லை. பலகையில் கண்ணில் படுகிற விகிதம் அவர்கள் ஈரோ விற்கிற விகிதமாகவோ பெரிய தொகைக்கு மட்டும் தருகிற விகிதமாகவோ இருக்கும், நமக்கானது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கமிஷன் இல்லைதான், விகிதத்திலேயே எடுத்துவிட்டார்கள். ஊர் பார்க்க வந்தவனின் அவசரத்தில் பிழைப்பு நடத்துவதை நினைத்தால் இப்போதும் கோபம்தான் வருகிறது.

2019-இல் சட்டம் மாறியது. சுமார் 1000 ஈரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ரசீது கையில் இருக்க வேண்டும். இருந்தாலும் நோட்டை நீட்டும் முன் "200 கொடுத்தால் எத்தனை கொருனா?" என்று கேளுங்கள். தெருவில் நின்று "சேஞ்ச்?" என்று கேட்பவரிடம் மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள், வேறு நாட்டின் செல்லாத நோட்டைக் கட்டாக மடித்துத் தந்துவிட்டு மறைந்துவிடுவார்கள். கார்டே போதும். மெஷின் ஈரோவா கொருனாவா என்று கேட்டால் கொருனா.

வானியல் கடிகாரம் பார்க்க எப்போது போவது?

காலை 9 முதல் இரவு 11 வரை ஒவ்வொரு மணிக்கும். 1410-இல் செய்த கடிகாரம் இன்னும் ஓடுகிறது. எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணி அடிக்கும், மேலே இரண்டு சின்ன ஜன்னல்கள் திறந்து இயேசுவின் சீடர்கள் வரிசையாக வருவார்கள், கடைசியில் பொன் சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற அந்த நேரத்துக்காகத்தான் ஜேப்படிக்காரர்கள் காத்திருக்கிறார்கள், பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

சுத்த சைவம் கிடைக்குமா?

வறுத்த சீஸ் எங்கும் கிடைக்கும், பெயர் 'ஸ்மஜெனி சீர்'. மேல் மாவில் முட்டை உண்டு, தொட்டுக்கொள்ளத் தரும் டார்டார் சாஸிலும் முட்டை. சூப் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரில்தான் செய்வார்கள், பூண்டு சூப்பையும் கேட்காமல் வாங்காதீர்கள். "இறைச்சி இல்லாதது" என்ற தலைப்பின் கீழ் ஹாம் துண்டு போட்ட பதார்த்தமும் வரலாம்.

கோட்டை, யூதர் பகுதி இரண்டையும் வார இறுதியில் முடித்துவிடலாமா?

எந்த நாள் எது என்று சொல்லாமல் கேட்டால் எப்படி? யூத அருங்காட்சியகமும் பழைய கல்லறையும் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் வீட்டஸ் தேவாலயம் 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்தது, ஞாயிறு காலை வழிபாடு இருப்பதால் மதியம் 12-க்கு மேல்தான் சுற்றிப் பார்க்க விடுவார்கள். ஆகவே சனி கோட்டை, ஞாயிறு யூதர் பகுதி. கோட்டை மேட்டுக்கு 22-ஆம் நம்பர் டிராம் போகும், டிக்கெட்டில் முத்திரை குத்த மறக்காதீர்கள்.