ஜூஸ் பிழிஞ்சாச்சு, தோலையும் சக்கையையும் என்ன பண்றது? வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியெல்லாம் சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருது. ஒரு டன் ஆரஞ்சு பிழிஞ்சா ஏறக்குறைய பாதி எடைதான் ஜூஸா வரும், மீதி தோல், சக்கை, விதைன்னு கையில நிக்கும், அதுக்கு வழி பார்க்காம மெஷினை மட்டும் வாங்கிட்டவங்கதான் நிறைய பேர் எழுதியிருக்கீங்க. ஜூஸ் பத்தின கேள்விகளை முதல்ல முடிச்சிடுவோம்.

பிழிஞ்ச உடனே குடிச்சா நல்லா இருக்கு, சில மணி நேரம் கழிச்சு குடிச்சா கசக்குது. பழம் சரியில்லையா?

பழத்துல குறை இல்லைங்க. கசப்பு லிமோனின்ங்கிற பொருளால வருது. முழுப் பழத்துல இது கசக்காத வேற வடிவத்துல, தோலோட வெள்ளைப் பகுதி, சுளை மேல இருக்கிற ஜவ்வு, விதை இதுலெல்லாம் இருக்கும். பிழியும்போது ஜூஸுக்குள்ள வந்துடும், அந்தப் புளிப்புல மெதுவா லிமோனினா மாறும், சூடு பண்ணா இன்னும் வேகமா மாறும், அதனாலதான் பாஸ்டரைஸ் பண்ண பாட்டில்ல கசப்பு தூக்கலாத் தெரியுது. நேவல் ஆரஞ்சுலயும் சரியா பழுக்காத பழத்துலயும் ரொம்ப அதிகம். கடைசிச் சொட்டு வரைக்கும் அழுத்திப் பிழியாதீங்க, விதையையும் ஜவ்வையும் உடனே வடிகட்டிடுங்க. பெரிய ஆலைகள்ல ரெசின் (கசப்பை ஈர்த்துப் பிடிக்கிற சின்ன மணிகள்) நிரப்பின குழாய்க்குள்ள ஜூஸை விட்டு கசப்பை எடுக்கறாங்க. சர்க்கரையைக் கூட்டி மறைக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அடியில கசப்பு அப்படியேதான் நிக்கும்.

பாட்டில்ல மேல தண்ணியாத் தெளிஞ்சு, கீழ வண்டலா படியுதே?

இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க, கீழ ஜாம், மாட்டுத் தீவனம் பத்தி வர்ற பதிலுக்கெல்லாம் இதுதான் அடிப்படை. பழத்துலயே பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. அது ஜூஸ்ல இருக்கிற பெக்டினை (ஜாமை இறுக வைக்கிற பொருள்) கொஞ்சம் கொஞ்சமா மாத்துது, மாறின பெக்டின் கால்சியத்தோட சேர்ந்து திரண்டு, கலங்கலாத் தெரியுற துகளையெல்லாம் இழுத்துக்கிட்டு கீழ போயிடுது. இந்த என்சைம் கிருமிகளை விட சூட்டைத் தாங்கும். கிருமி செத்தா போதும்னு குறைஞ்ச சூட்டுல நிறுத்திட்டா இது பிழைச்சுக்கும். 90-95 டிகிரி செல்சியஸ்ல 15-லிருந்து 30 செகண்ட் வச்சு உடனே ஆற வைக்கணும்.

ஜூஸ் கெடாம இருக்க சோடியம் பென்சோயேட் போட்டா சூடு பண்ண வேண்டாம்தானே?

வேணும். அது ஈஸ்ட்டையும் பூஞ்சையையும்தான் அடக்கும், என்சைமைத் தொடாது. அதோட வைட்டமின் சி இருக்கிற ஜூஸ்ல பென்சோயேட் போட்டு வெயில்லயும் சூட்டுலயும் வச்சா கொஞ்சமா பென்சீன்ங்கிற புற்றுநோய் உண்டாக்கற பொருள் உருவாகலாம், நான் சிட்ரஸ் ஜூஸுக்கு இதைச் சொல்லவே மாட்டேன்.

தோலை நல்லா காயவச்சு அப்புறமா எண்ணெய் எடுக்கலாம்னு இருக்கேன்.

தயவு செஞ்சு வேண்டாம், காயும்போதே எண்ணெயில பெரும் பங்கு காத்துல போயிடும். பச்சைத் தோலை விளக்குத் தீ பக்கத்துல மடக்கிப் பிழிஞ்சு பாருங்க, குபுக்னு பொறி பறக்கும், அந்தப் பொறிதான் நீங்க தேடுற எண்ணெய். வெளித்தோல்ல இருக்கிற சின்னச் சின்னப் பைகள்லதான் அது இருக்கு. ஆரஞ்சு எண்ணெய்ல 90 சதவீதத்துக்கு மேல லிமோனீன் (மேல சொன்ன கசப்பு லிமோனின் வேற, இது வேற). சுமார் 48 டிகிரியிலயே அதோட ஆவி தீப்பிடிக்கிற நிலைக்கு வந்துடும், அதனால அடுப்புப் பக்கம் வைக்காதீங்க. ரப்பர் மூடியும் சாதாரண பிளாஸ்டிக்கும் இளகிடும், கண்ணாடி பாட்டில்ல கழுத்து வரைக்கும் நிரப்பி வெளிச்சம் படாம வைங்க, காத்து பட்டுப் பழசானா தோல்ல அலர்ஜி வரும். இன்னொண்ணு, பச்சையாப் பிழிஞ்ச எலுமிச்சை எண்ணெயைத் தடவிட்டு வெயில்ல போனா தோல் வெந்து போகும், ஆவியில வடிச்ச எண்ணெய்ல அந்தப் பயம் இல்லை.

சின்ன யூனிட்ல பெக்டின் பவுடர் பண்ண முடியுமா?

முடியாதுன்னு இல்லை, ஆனா அமிலத்துல வேகவச்சு, ஆல்கஹால் ஊத்தித் திரட்டி, அந்த ஆல்கஹாலைத் திரும்பப் பிடிக்கிற வசதி இல்லன்னா நஷ்டம்தான் மிஞ்சும். அதுக்குப் பதிலா திரவமா எடுத்து உங்க ஜாம்லயே சேர்த்துக்கோங்க. வெள்ளைப் பகுதியைக் கழுவி, எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணியில வேகவச்சு வடிகட்டணும். எடுத்தது நல்லா வந்திருக்கான்னு பார்க்க, ஒரு ஸ்பூன் எடுத்து ஆறவச்சு அதுல ஆல்கஹால் ஊத்திக் கொஞ்ச நேரம் விடுங்க. ஸ்பூனால தூக்கற மாதிரி ஒரே கட்டியா வந்தா நல்ல பெக்டின், நூல் நூலா பிரிஞ்சா இன்னும் சுண்ட வைக்கணும். அதை வாயில வைக்காதீங்க. தோலை ராத்திரி முழுக்கப் போட்டு வச்சு மறுநாள் வேக வைக்கிறவங்களுக்கு ஜாம் சரியா இறுகாம போகலாம், மேல சொன்ன அதே என்சைம் ராத்திரியே வேலையை ஆரம்பிச்சிருக்கும். பிழிஞ்ச அன்னைக்கே கொதிக்க வைங்க. ஆரஞ்சுத் தோலை விட எலுமிச்சைத் தோல்ல பெக்டின் நல்லா வரும்.

சக்கையை மாட்டுக்கு அப்படியே போடலாமா?

ஃப்ரெஷ்ஷா இருந்தா போடலாம், கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும். ஆனா அதுல 80 சதவீதம் வரைக்கும் தண்ணி, ரெண்டு மூணு நாள்லயே பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடிச்சதைக் கண்டிப்பா போடக்கூடாது. சேமிச்சு வைக்கணும்னா நறுக்கின சக்கையில 0.2-லிருந்து 0.5 சதவீதம் நீர்த்த சுண்ணாம்பு கலக்குங்க. வழவழன்னு தண்ணியை விடாம பிடிச்சுக்கிட்டிருந்த சக்கை கொஞ்ச நேரத்துல பிடியை விட்டுடும், அழுத்தினா தண்ணி தனியா வந்துடும். இங்கயும் அதே என்சைம்தான், ஜூஸையும் ஜாமையும் கெடுத்தது இங்க சுண்ணாம்புல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து நமக்கு உழைக்குது. பிழிஞ்ச தண்ணியைச் சுண்ட வச்சா சிட்ரஸ் மொலாசஸ்ங்கிற பாகு, அதுவும் தீவனம். சக்கையை ஈரம் 10 சதவீதத்துக்கு வர்ற வரைக்கும் காய வைங்க. சக்தி நல்லா இருக்கும், புரதம் 6-7 சதவீதம்தான், அதனால வேற புரதத் தீவனம் கூடவே வேணும்.

மண்ணுல கொட்டினா நிலம் கெட்டுடும்னு சொல்றாங்களே?

கோஸ்டா ரிகாவுல 1990-கள் கடைசியில சுமார் 12,000 டன் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் வளமில்லாத 3 ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்துல கொட்டினாங்க. 16 வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, பக்கத்து நிலத்தை விட அங்க மரங்களோட எடை 176 சதவீதம் கூடுதல். அதுக்காக கிணத்துப் பக்கம் குவியலா கொட்டிடாதீங்க, அழுகி வடியற தண்ணி கெடுதல். பயோகேஸ் டேங்க்ல போடறதா இருந்தாலும் எண்ணெயை முதல்ல எடுத்துடுங்க, லிமோனீன் இருந்தா கேஸ் உண்டாக்கற கிருமிகள் சுணங்கிடும்.