வேடர் தெய்வங்களும் அவர்களுடைய காடும்: கேள்வி பதில்

மதுறு ஓயாக் காட்டிலிருந்து இலங்கையின் பழங்குடிகளான வேடர்கள் வெளியேற்றப்பட்டது அவர்களுடைய வழிபாட்டையும் பாதித்தது என்று சென்ற மாதம் நான் எழுதியதைத் தொடர்ந்து மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

வேடர்கள் ஓரிடத்தில் தங்காமல் அலைந்து வாழ்ந்தவர்கள்தானே, ஐயா? அவர்களை இன்னோர் இடத்தில் குடியமர்த்துவதில் மதத்துக்கு என்ன பாதிப்பு? (செங்கலடி)

அலைந்தார்கள் என்பது சரி; ஆனால் எல்லையில்லாமல் அலையவில்லை. வரிகே எனப்படும் ஒவ்வொரு குலத்தாருக்கும் தமக்கென வேட்டைநிலமும் தேன்பாறைகளும் கற்குகைகளும் இருந்தன. ஒருவர் இறந்தால் அவர் கிடந்த குகையை விட்டு விலகிப்போய், பல ஆண்டுகள் கழித்தே அங்கு திரும்பும் வழக்கத்தைச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். இறந்த உறவினர் 'நே யக்கு' என்னும் ஆவிகளாகித் தம்மைக் காப்பதாக அவர்கள் நம்பினார்கள். ஆகவே அந்த அலைச்சல், முன்னோர் உறையும் நிலத்துக்கு உள்ளேயே நடந்த அலைச்சல்.

1983இல் நடந்தது என்ன? (மகா ஓயா)

அதற்கு முன்பே ஓர் இழப்பு உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில், இன்று நாம் சேனாநாயக்க சமுத்திரம் என்று அழைக்கும் நீர்த்தேக்கத்தின் கீழ் வேடர்களின் வாழிடங்கள் மூழ்கின. நம் மாவட்ட வயல்களுக்குப் பாயும் அந்தத் தண்ணீரின் கதையில் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பின்னர், மகாவலித் திட்டத்தின் நீரேந்து பகுதிகளைப் பாதுகாக்க வேண்டி 1983 நவம்பரில் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. வேடர் குடும்பங்களுக்குப் பூங்காவுக்கு வெளியே ஹெனானிகலவில் வீடும் வயலும் வழங்கப்பட்டன. முதுபெரும் தலைவரான ஊருவரிகே திசாஹாமி சில குடும்பங்களுடன் தம்பானைப் பகுதியை விட்டு நகர மறுத்துவிட்டார். 1998இல் இறக்கும்வரை அந்த மறுப்பில் நின்றார். ஆயினும் தங்கியவர்களுக்கும் காடு பழைய காடாக இல்லை. வேட்டையாடுவதும் தேன் எடுப்பதும் அங்கே குற்றமாகிவிட்டன.

புதிய குடியிருப்பில் ஒரு கோயில் கட்டிக் கொடுத்திருந்தால் போதாதா? (களுவாஞ்சிக்குடி)

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். ஆகமக் கோயிலைப் பார்த்து வளர்ந்த நாம், பாலஸ்தாபனம் செய்து தெய்வத்தை இன்னோர் இடத்துக்கு எழுந்தருளச் செய்யலாம் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் தான்தோன்றி என்று நாம் நம்பும் கொக்கட்டிச்சோலை லிங்கத்தைப் பெயர்த்தெடுத்து வேறோர் ஊரில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கோயில் இருக்கும் படுவான்கரை ஏற்குமா? வேடர்களுக்கு அந்தக் காடு முழுவதுமே அப்படிப்பட்டது.

கிரிகொரஹ என்னும் சடங்கை எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப்பால் நிறைந்த சட்டியைச் சுற்றிக் கையில் அம்புடன் ஆடி, பண்டைய வேட்டை வீரனான கந்தே யக்காவை அழைத்து, வேட்டை கைகூட அருள் கேட்பார்கள். வேட்டையே தடுக்கப்பட்ட பின் அந்த வேண்டுதல் எதற்காக? சடங்கை யாரும் தடைசெய்யவில்லை; ஆயினும் அது எதைக் கேட்டு நடந்ததோ அது எடுக்கப்பட்டுவிட்டது. கட்டிக் கொடுக்கும் மண்டபத்தால் இதை ஈடுசெய்ய முடியாது.

கரையோர வேடரான எங்களுக்கும் இது பொருந்துமா? (வாகரை)

பொருந்தும். 2004 ஆழிப்பேரலையும் 2006, 2007 ஆண்டுகளின் போர் இடப்பெயர்வும் உங்கள் ஊர்களை எவ்வளவு வருத்தின என்பதை நீங்களே அறிவீர்கள். குமார தெய்வத்துக்கும் கப்பல் தெய்வங்களுக்கும் நீங்கள் எடுக்கும் சடங்குகள், தமிழோடு வேடர் மொழிச் சொற்களும் கலந்த மந்திரங்களைக் காத்துவருகின்றன. சடங்கு நடக்கும் மரநிழலும் பந்தல் வெளியும் யாருடைய உறுதிக் காணியாகவும் இல்லாதிருந்தால், பிரதேச செயலகத்தில் அவற்றை வழிபாட்டிடமாகப் பதியக் கேளுங்கள்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட எதிர்ப்பு வென்றிருக்கிறதா? சட்டம் என்ன சொல்கிறது? (அக்கரைப்பற்று)

தோற்றதும் உண்டு, வென்றதும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் நவஹோ மக்களும் ஹோப்பி மக்களும் பொதுவாக வைத்திருந்த நிலத்தை 1974ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தபோது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோ மக்கள் பெயர்க்கப்பட்டனர். பிள்ளைகளின் தொப்புள்கொடியைத் தங்கள் மண்ணிலேயே புதைக்கும் மரபினரான அவர்களில் பிக் மவுண்டன் பகுதி மூதாட்டிகள் பலர் வெளியேற மறுத்தார்கள். அதே நிலத்தில் ஹோப்பிகளுக்கும் புனித உறவு உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. ஒடிசாவின் நியமகிரியிலோ, மலையைத் தங்கள் நியம ராஜாவின் இருப்பிடமாகக் கருதும் டோங்ரியா கோந்த் மக்களிடமே, அங்கே சுரங்கம் தோண்டலாமா என்று கேட்கும்படி இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தன.

2007இல் ஐ.நா. ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 10ஆம் உறுப்புரை, முன்கூட்டிய சுதந்திரமான சம்மதமின்றி இடம்பெயர்க்கக்கூடாது என்கிறது. ஆனால் பிரகடனம் உடன்படிக்கை அன்று. அதைக்கொண்டு நேரே வழக்காட இயலாது.

நான் பல்கலைக்கழக மாணவி. வேடர் சடங்கொன்றைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். எப்படி அணுகவேண்டும்? (வந்தாறுமூலை)

முதலில் கமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், மகள். சடங்கை நடத்தும் பெரியவரிடம் வெற்றிலை வைத்து அனுமதி கேளுங்கள். தெய்வமாடும் நேரத்தைப் படம்பிடிக்கலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அந்தச் சடங்கு எந்த மரத்தடியில், எந்தக் குளக்கரையில் நடக்கிறது, ஏன் அங்கே நடக்கிறது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.