சின்ன கார், நல்ல பிடிப்பு: டயர் மாற்றப் போகிறவர்களின் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் டயர் மாற்ற நினைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், ஓட்டுவதற்காகவே விரும்பி வாங்கப்படும் சிறிய கார்களைப் பற்றியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

என்னிடம் 2019 ஸ்விஃப்ட் இசட்.எக்ஸ்.ஐ. இருக்கிறது. டயர் அளவு 185/65 ஆர்15. அடிக்கடி குன்னூர் ஏறி இறங்குவேன். 195/65 போட்டால் ரோடு கிரிப் கூடும் என்கிறார் கடைக்காரர். 16 அங்குல அலாய்க்கு மாறிவிடு என்கிறான் நண்பன். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், மேட்டுப்பாளையம்

இரண்டுமே வேண்டாம். அதே 185/65 ஆர்15 அளவில், இப்போதிருப்பதைவிட ஒரு படி நல்ல டயராக வாங்குங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறோம்.

185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது 120.25 மி.மீ. ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. ரிம்மின் விட்டத்தோடு மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்களின் உயரத்தைச் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. வருகிறது. 195/65 ஆர்15 போட்டால் அது 634.5 ஆகிவிடும். இரண்டு சதவீதம் பெரிய சக்கரம் என்றால் ஒவ்வொரு கியரும் அந்த அளவுக்கு நீள்கிறது என்று பொருள். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரைத் தாண்டி இரண்டாம் கியரில் ஏறும்போது, இழுவை குறைவதைக் காலிலேயே உணர்வீர்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடிய வேகத்தைவிட 2 கி.மீ. கூடுதலாக ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

அகலம் கூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கணக்குக்குப் பொருந்துவது 195/60 ஆர்15. அதன் விட்டம் 615 மி.மீ., ஒரு சதவீதம்தான் குறைவு. ஆனால் வாங்கும் முன் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள். அலாய் வீலின் உள்பக்கம் 5ஜே, 5.5ஜே, 6ஜே என்று ஏதாவது ஒன்று வார்க்கப்பட்டிருக்கும். 195/60, 195/65 இரண்டுக்குமே குறைந்தது 5.5 அங்குல அகல ரிம் தேவை. உங்களுடையது 5ஜே என்றால் பேச்சு அதோடு முடிந்தது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச் சுவர் புடைத்து நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் டயர் நெளியும், அதன் பிறகுதான் கார் திரும்பும். கொண்டை ஊசி வளைவில் நீங்கள் விரும்பும் அந்தச் சட்டென்ற திருப்பத்தை இது கெடுத்துவிடும்.

16 அங்குலத்தில் 195/55 போட்டால் மொத்த விட்டம் 620.9 மி.மீ. கணக்கில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பக்கச் சுவர் 120 மி.மீ.யிலிருந்து 107 ஆகக் குறைகிறது. பள்ளத்தின் அடியை டயர் வாங்கிக்கொள்ளாமல் ரிம் வாங்கிக்கொள்ளும். பெரிய ரிம் பெரும்பாலும் கனமாகவும் இருக்கும். ஸ்விஃப்ட்டின் சுகமே அதன் எடைக் குறைவுதான். அதன் சக்கரத்தில் கொண்டுபோய் எடையைக் கூட்டுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. நான்கு அலாய்க்கு ஆகும் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டாலே உங்கள் அளவில் கிடைக்கும் மிக நல்ல டயரை வாங்கிவிடலாம்.

பிடிப்பைத் தீர்மானிப்பது முதலில் ரப்பர் கலவை, அடுத்து, சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளான பட்டனில் மீதமிருக்கும் ஆழம், அதற்கடுத்துக் காற்றழுத்தம். அகலம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. ஈரச் சாலையில் அகலமான டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டியிருப்பதால், மற்றவை சமமாக இருந்தால் அதுதான் முதலில் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும்.

கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துப் பாருங்கள். சியட் மைலேஸ், குட்இயர் அஷ்யூரன்ஸ் டியூராபிளஸ் போன்றவை நெடுநாள் உழைப்பதற்காகச் செய்யப்பட்டவை. வருடத்துக்கு 25,000 கி.மீ. நேர்சாலையில் ஓடும் காருக்கு அவை சரியான தேர்வு; மலைப்பாதையில் மழை பெய்யும்போது நாங்கள் அவற்றைத் தேடமாட்டோம். மிஷலின் பிரைமசி 4 எஸ்டி போன்றவை சத்தம் குறைவாகவும் ஈரத்தில் நல்ல பிரேக்கிங்கோடும் இருக்கும்; பக்கச் சுவர் கொஞ்சம் மென்மை. யோகோஹாமா புளூஎர்த் ஜிடி போன்றவற்றில் ஸ்டீயரிங் இன்னும் இறுக்கமாகப் பேசும்; மேடுபள்ளமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். உங்கள் பயன்பாட்டுக்குப் பின்னிரண்டு வகைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எந்த மாடலும் எல்லா அளவிலும் வருவதில்லை. எனவே பெயரை முடிவுசெய்துவிட்டு அதற்காக அளவை மாற்றாமல், உங்கள் அளவில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பெயரை முடிவுசெய்யுங்கள். வெளிநாட்டுக் கார்ப் பிரியர்கள் புகழும் மென்ரப்பர் ஸ்போர்ட்ஸ் டயர்களைத் தேடி அலையவும் வேண்டாம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு நம் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, சிறிய அளவுகளில் அவை கைக்குக் கிடைப்பது அரிதாகிவிட்டது.

அளவுக்குப் பின்னால் இருக்கும் 88எச் போன்ற குறியையும் விட்டுவிடாதீர்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை, டி என்றால் 190 வரை. காருடன் வந்த டயரில் இருக்கும் எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள்.

ஐ20 என் லைன், 195/55 ஆர்16. பள்ளத்தில் இறங்கியதில் முன் இடது டயரின் பக்கவாட்டில் கோலிக்குண்டு அளவுக்கு உப்பியிருக்கிறது. காற்று இறங்கவில்லை. 28,000 கி.மீ. ஓடிய டயர்கள். அப்படியே ஓட்டலாமா? மாற்றினால் ஒன்று போதுமா?
– வாசகர், வேளச்சேரி, சென்னை

ஓட்டக் கூடாது. பக்கச் சுவருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துபோன இடத்தில்தான் டயர் உப்பும். அந்த இடத்தில் காற்றைத் தாங்கி நிற்பது வெறும் ரப்பர் மட்டும். வேகமும் சூடும் கூடும்போது எந்த நொடியிலும் வெடிக்கலாம். பஞ்சர் கடையில் உள்ளே பேட்ச் வைத்துத் தருகிறேன் என்பார்கள். அறுந்த இழையை எந்தப் பேட்ச்சும் சேர்க்காது. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எத்தனை மாற்றுவது என்பது மற்ற மூன்றின் ஆழத்தைப் பொறுத்தது. புது டயரில் பட்டன் ஏறக்குறைய 8 மி.மீ. ஆழம் இருக்கும். சட்டப்படி 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் கார் டயர் தகுதி இழக்கிறது. பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுகள் பட்டனோடு சமமாகிவிட்டால் அந்த எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஆனால் சென்னை மழைக்கு 1.6 மி.மீ. வரை காத்திருப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம், 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள். ஆழம் பார்க்கும் கேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 28,000 ஓடிய முன் டயர்களில் பாதி ஆழம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் ஒன்றை மட்டும் மாற்றினால் இடதுக்கும் வலதுக்கும் பிடிப்பு வேறுபட்டு, ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். ஒரே மாடலில் இரண்டாக வாங்குங்கள்.

அடுத்ததுதான் பெரும்பாலான கடைகளில் தலைகீழாக நடப்பது. பின்னால் இருந்த இரண்டையும் முன்னுக்கு மாற்றி, புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் கார் ஆயிற்றே, புதுசு முன்னால்தானே வேண்டும் என்று ஃபிட்டர் வாதிடுவார். முன்னால் தேய்ந்த டயர் இருந்தால், தண்ணீர் தேங்கிய வளைவில் ஸ்டீயரிங் லேசாகும், கார் நேராகப் போகப் பார்க்கும்; ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டால் பிடிப்பு திரும்பிவிடும். பின்னால் தேய்ந்த டயர் இருந்தால் எந்த அறிகுறியும் தராமல் கார் பின்பக்கமாகச் சுழலும். பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எடை முன்னுக்குப் போய், சுழற்சி இன்னும் கூடும். கார் சறுக்காமல் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பான ஈ.எஸ்.பி. இருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் டயர் தரும் பிடிப்பை வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய முடியும்.

போலோ ஜிடி டிஎஸ்ஐ-யின் நான்கு டயரையும் மாற்றப் போகிறேன். பழைய டயர்களைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வரலாமா?
– வாசகி, திருச்சி

கொடுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி அவற்றைப் பாருங்கள். எந்தச் சக்கரம் எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால் அலைன்மென்ட் விலகியிருக்கிறது. காரின் கீழே குனிந்து பார்க்காதவரை இது கண்ணில் படாது. பட்டனைக் கையால் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம்போலவும் இருந்தால் மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் டோ கோணம் தவறு. வட்டமாக அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் சந்தேகப்படுங்கள். இந்தக் குறைகளைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது டயரும் அதே இடத்தில்தான் தேயும். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனில் கீழ்க்கையின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ பால் ஜாயின்ட் என்ற மூட்டு ஆடினாலோ, அதை மாற்றிய பிறகே அலைன்மென்ட் செய்யச் சொல்லுங்கள். ஆடுகிற பாகத்தின் மேல் எடுத்த அலைன்மென்ட் முதல் வேகத்தடையிலேயே கலைந்துவிடும்.

இரண்டு வருடம் முன்பு தயாரான டயரைத் தள்ளுபடியில் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பக்கச் சுவரில் டாட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களே தயாரிப்புத் தேதி. 2325 என்றால் 2025-ன் 23வது வாரம். ஒரு பக்கம் முழுதாக இல்லையென்றால் மறுபக்கம் பாருங்கள். வெயிலும் மழையும் படாத கிடங்கில் இருந்திருந்தால், இரண்டு வருடத்தால் பெரிய கேடில்லை. ஆனால் நீங்கள் ஆண்டுக்கு 6,000 கி.மீ. மட்டும் ஓட்டுபவர் என்றால் பட்டன் தேயும் முன்பே ரப்பர் இறுகிவிடும். உங்களுக்குப் புது ஸ்டாக்தான் நல்லது. ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். கடை வாசலில் வெயிலில் அடுக்கிவைத்த டயர் எந்த விலையிலும் வேண்டாம். டயருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய ஸ்டாக்குக்கும் பில்லில் 18 தான் இருக்க வேண்டும்.

மலை ஏறியதும் காற்றுக் குறைக்க வேண்டும் என்கிறார்களே? நைட்ரஜன் அவசியமா?
– வாசகர், சேலம்

இரண்டும் தேவையில்லை. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடுதலாகக் காட்டப் பார்க்கும். குளிர் அதைக் கிட்டத்தட்ட அதே அளவு இறக்கிவிடும். கீழே, காலையில், டயர் சூடாகும் முன் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவை வையுங்கள். முழுக் குடும்பமும் லக்கேஜும் போனால் அதே அட்டையில் உள்ள முழுச்சுமை அளவு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது.

புது டயர் மாட்டும் நாளில் கடையில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

டயரை ஏற்றும் முன் நான்கு ரப்பர் வால்வுகளையும் மாற்றச் சொல்லுங்கள். டயர் விலையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. பழைய வால்வின் அடி வெடித்துக் காற்று கசிந்தால் மறுபடி டயரைக் கழற்ற வேண்டியிருக்கும். டயர் பிரஷர் சென்சார் உள்ள காராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கழற்றும் இரும்பு பட்டால் சென்சார் உடையும். ரிம் விளிம்பில் படிந்த துருவையும் பழைய ரப்பரையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஏற்ற வேண்டும்.

டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் லேசான இடம். அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங் எடை குறைவாகப் போதும். அவுட்சைட் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட பக்கம் வெளியே தெரிய வேண்டும். சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ள டயரில், அந்த அம்பு கார் முன்னே போகும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். அவசரத்தில் ஒரு பக்கம் மாறிப்போவது சகஜம். எனவே கிளம்பும் முன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து நான்கையும் பார்த்துவிடுங்கள்.

வீல் நட்டை ஏர் கன்னால் முடிக்க விடாதீர்கள். கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் முடிக்க வேண்டும். சிறிய கார்களுக்கு இந்த அளவு பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கான எண் கையேட்டில் உண்டு. அளவுக்கு மீறி முறுக்கினால் நட்டு ஏறும் திருகுத் தண்டான ஸ்டட் நீளும், நடுவழியில் பஞ்சர் ஆனால் காருடன் வந்த ஸ்பேனரால் கழற்றவும் முடியாது. அலாய் வீல் என்றால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை மீண்டும் சரிபாருங்கள்.

வார்ப்பிலிருந்து எடுக்கத் தடவிய பூச்சு புது டயரின் மேல் இருக்கும். முதல் 200 கி.மீ. வரை, குறிப்பாக ஈரச் சாலையில், வளைவுகளை நிதானமாக எடுங்கள். பிறகு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள்: முன்னிரண்டும் நேராகப் பின்னுக்கு, பின்னிரண்டும் குறுக்காக முன்னுக்கு. அம்புக்குறி டயர் என்றால் அந்தந்தப் பக்கத்திலேயே முன்னும் பின்னும்.

ஸ்டெப்னியையும் அன்றைக்கே பாருங்கள். 15 அங்குல அலாய் உள்ள பல ஸ்விஃப்ட்டுகளில் ஸ்டெப்னி 165/80 ஆர்14 இரும்பு ரிம்மில்தான் வரும். விட்டம் 2 மி.மீ.தான் வித்தியாசம், ஆனாலும் பிடிப்பு வேறு. அதைப் பஞ்சர் கடை வரைக்கும் மட்டும், நிதானமான வேகத்தில் பயன்படுத்துங்கள். இடமாற்றச் சுற்றில் சேர்க்காதீர்கள். பூட்டிலேயே கிடப்பதால் தேயாது, ஆனால் வயதாகும். அதன் டாட் எண்ணையும் குறித்து வையுங்கள்.