நினைவு மலரில் அம்மம்மாவைக் காணோம்

வணக்கம் ஐயா,

என் அம்மப்பா போன கிழமை காலமானார். முள்ளியவளையில் கமம் செய்தவர். கூட்டுறவுச் சங்கத்திலும் கோயில் பரிபாலன சபையிலும் நெடுங்காலம் இருந்தவர், கோவலன் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார். 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறோம். வாழ்க்கைக் குறிப்பு என் பொறுப்பு. வகித்த பதவிகளை எழுதினேன், ஒரு பக்கம்கூட வரவில்லை. படங்களும் கூத்துக் கொப்பிகளும் 2009 இடம்பெயர்வில் போய்விட்டன. வேறு என்ன எழுதலாம்?

ஒரு பேத்தி, வவுனியா

அன்புள்ள பிள்ளை,

அம்மப்பாவின் பிரிவில் நானும் பங்குகொள்கிறேன். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எழுதிக்கொண்டு போனால் யாருடைய வாழ்க்கையும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

கொப்பி போனாலும் கூத்து முழுதாகப் போயிருக்காது. அண்ணாவியார் தருவை, அதாவது கூத்துப் பாட்டைப் பாட, ஆடுகிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாடித்தான் பழகுவார், மாதக்கணக்கில் இரவிரவாக அப்படிப் பழகியது லேசில் மறக்காது. கோவலனுக்கு ஆடியவர், பெண் வேடம் போட்டுக் கண்ணகியாக வந்தவர், பாண்டியன், பொற்கொல்லன், மத்தளம் அடித்தவர், இவர்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு திசைக்கு ஒருவராகப் போயிருப்பார்கள், சிலர் கனடாவிலும் இருக்கலாம். வாட்ஸப்பில் பாடி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடுகிற வரவுப் பாட்டு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் சொல் மாற்றாமல் மலரில் போடுங்கள்.

சங்கத்தில் இருந்தார் என்கிறீர்கள், எந்தக் காலத்தில்? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் நிவாரண அரிசியும் பருப்பும் சீனியும் சங்கக்கடையால்தான் சனத்துக்குக் கிடைத்தன. அந்த வரிசையை ஒழுங்காக நடத்துவது லேசான வேலை இல்லை. நிவாரண அட்டையைத் தொலைத்து வந்தவருக்கு என்ன செய்தார், யாரோடு சண்டை பிடித்தார் என்று அப்போது அங்கே வேலை செய்தவர்களைக் கேளுங்கள். வைகாசியில் கடல்நீர் எடுத்துவந்து காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரிலேயே விளக்கெரித்து வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோகிற நாட்களில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதையும் கேளுங்கள்.

சரி, இதைவிட முக்கியமான ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மம்மா ஓர் இடத்திலும் இல்லை. இரவிரவாகக் கூத்துப் பழகியவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியது யார்? அம்மப்பா கூட்டம், கோயில், கூத்து என்று போன நாட்களில் வயலையும் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்தது யார்? எங்களுடைய நினைவு மலர்களில் மனைவிக்கு 'பாசமிகு துணைவி' என்று ஒரு வரி, அவ்வளவுதான். எத்தனை மலரில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வருகிறது. அம்மம்மா இருக்கிறார் என்றால் இன்றைக்கே பக்கத்தில் இருந்து கதையுங்கள். முற்றத்தில் அத்தனை வருடம் கேட்டவர், பாட்டுகள் அவருக்கும் பாடமாக இருக்கும். இல்லையென்றால் அம்மாவையும் பெரியம்மா சின்னம்மாவையும் கேளுங்கள்.

தேவாரமும் வம்சவரிசையும் வழமைபோல இருக்கட்டும். அச்சடித்ததும் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். 2005இல் தொடங்கிய அந்த இணைய நூலகத்தில் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள், இனியொரு இடம்பெயர்வு வந்தாலும் அது தொலையாது. அச்சகத்துக்குக் கொடுக்க முன்னம் எனக்கு அனுப்புங்கள், பிழை பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.