ஏலக்காய் விலையில் தொடங்கலாம் டீச்சர்

கேள்வி: குமுளிப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நாடுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைப் பற்றிக் கேட்டால், பிள்ளைகள் ஐ.நா. அமைப்புகளின் பெயர்களை ஒப்பிக்கிறார்கள். மனதில் எதுவும் ஏறவில்லை. பெரியாறு அணைப் பேச்சு வந்தாலோ வகுப்பே இரண்டாகப் பிரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கொடிகளையும் உலக உருண்டையையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் டீச்சர். நேற்று ஏலக்காய் என்ன விலைக்குப் போனது என்று கேட்டுப் பாருங்கள், கைகள் உயரும். போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தின் சராசரி விலை, அதிக விலை, வந்த சரக்கு எல்லாம் மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் இணையதளத்தில் இருக்கும். இரண்டு வாரம் கரும்பலகை ஓரத்தில் தினம் ஒரு பிள்ளை அதை எழுதட்டும். விலை ஏறி இறங்கும்போது ‘ஏன்?’ என்று அவர்களே கேட்பார்கள்.

அப்போது வரைபடத்தில் குவாத்தமாலாவைக் காட்டுங்கள். ஏலம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் மூலம் அங்கே போனது. இன்று அந்த நாடு ஏற்றுமதியில் நம்மையே முந்திவிட்டது. இதில் வேடிக்கை, அந்த நாட்டுக்காரர்கள் ஏலக்காயை அதிகம் தொடுவதே இல்லை. விளைவதில் பெரும்பகுதி சவூதி போன்ற நாடுகளுக்கு, காபியில் போடக் கப்பலேறுகிறது. குவாத்தமாலாவின் ஆல்ட்டா வெராபாஸ் மலைச்சரிவில் காய் பறிக்கும் மாயா பழங்குடிக் குடும்பத்துக்கும் நம் பக்கத்து வண்டன்மேட்டு ஏலத்தோட்டக்காரருக்கும் ஒரே சந்தைதான்.

இந்த இடத்தில் ‘ஆகவே நாம் அனைவரும் சகோதரர்கள்’ என்று பாடத்தை முடித்துவிடாதீர்கள். அங்கே விளைச்சல் படுத்தால் இங்கே விலை ஏறும். முகம் தெரியாத ஒருவரின் நஷ்டம் நமக்கு லாபமாகிறது. இந்தச் சங்கடத்தைப் பிள்ளைகள் முன் அப்படியே வையுங்கள். தீர்த்து வைக்க வேண்டாம். நம் பக்கத்துக் கதையும் உண்டு. 2018 வெள்ளம், அடுத்து மழைக்குறைவு, பிறகு 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. கையில் காய் இருந்தவருக்குக் கொண்டாட்டம். செடி அழுகிப்போனவருக்கு? கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் மலையேறும் அம்மாவின் கூலி அதற்கேற்ப ஏறியதா? வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். ஆனால் யார் வீட்டு வருமானத்தையும் வகுப்பில் சொல்ல வைக்காதீர்கள். தோட்டக்காரர் பிள்ளையும் காயெடுப்பவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கலாம். ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தால், அந்த ஊரும் வரைபடத்தில் இடம்பெறட்டும்.

கணக்கும் போடலாம். ஒரு கிலோ உலர்ந்த காய்க்குச் சுமார் 5 கிலோ பச்சைக்காய் வேண்டும். ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், விறகோ டீசலோ எரிய வேண்டும். டீசலுக்கான கச்சா எண்ணெயில் ஒரு பங்கு வளைகுடாவிலிருந்து வருகிறது. காய் வளைகுடாவுக்குப் போகிறது. இதைக் கண்டுபிடிக்கும் சந்தோஷத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள்.

அணை விஷயம். ஏலக்காயில் ‘யாருக்கு என்ன தேவை’ என்று பட்டியல் போட்டுப் பழகிய பிறகே இதைத் தொடுங்கள். முதலில் யாரும் மறுக்காத தகவல்கள்: 1886-இல் 999 ஆண்டு குத்தகை, 1895-இல் அணை, 2014-இல் 142 அடி வரை தேக்கலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அடுத்து, கம்பம் பக்கத்துப் பிள்ளை வண்டிப்பெரியாறில் ஆற்றோரம் குடியிருப்பவரின் பயத்தை எழுதட்டும். கேரளப் பக்கத்துப் பிள்ளை கம்பம் பள்ளத்தாக்கின் நெல் விவசாயியின் கவலையை எழுதட்டும். அந்த நெல்லும் காய்கறியும் மலையேறி யார் வீட்டுக்கு வருகின்றன என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கை தூக்கி ஓட்டெடுப்பு மட்டும் கூடவே கூடாது. சூடு ஏறினால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

ஐ.நா. அமைப்புகளைத் தேர்வுக்குப் படித்துத்தான் ஆக வேண்டும், சரி. அவற்றைக் கடைசியில் வையுங்கள். காயில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று யார் சொல்வது எனக் கேளுங்கள். ஒவ்வொரு நாடும் தன் வரம்பை வைத்துக்கொள்கிறது. உலகப் பொது வரம்புகளை வகுப்பது 1963-இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து தொடங்கிய கோடெக்ஸ் ஆணையம். தோட்டத்தில் மருந்தடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த இரண்டு பெயர்களும் ஒப்பிக்காமலே நிற்கும்.