நிலவிலிருந்து பூமியை வரைந்த சிறுவன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நாளை உயிரோடு இருப்போமா என்பதே தெரியாத போர்க்காலத்தில், ஓர் இளம் கலைஞன் வரைவதற்கும் எழுதுவதற்குமான நம்பிக்கையை எங்கிருந்து பெறுகிறான்?

பதில்: முதலில் நம்பிக்கை பிறக்கிறது, பிறகுதான் படைப்பு வருகிறது என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம். இரண்டாம் உலகப் போரில் சிக்கிய பிராக் நகரச் சிறுவன் பீட்டர் கின்ஸின் வாழ்க்கையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. 1928இல் பிறந்த அவன், தந்தை யூதர் என்பதால், 14 வயதில் வீட்டாரிடமிருந்து பிரிக்கப்பட்டு நாஜிகளின் தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டான். பட்டினியும் நோயும் மலிந்த அந்த இடத்தில், தன்னோடு ஒரே விடுதியில் இருந்த பையன்களைச் சேர்த்துக்கொண்டு 1942 டிசம்பரில் ‘வேடெம்’ என்ற வார இதழைத் தொடங்கி, அதன் ஆசிரியராகவும் இருந்தான். ஒவ்வோர் இதழுக்கும் ஒரே பிரதிதான் உண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பார்கள். தட்டச்சில் வந்துகொண்டிருந்த இதழ், ரிப்பன் தீர்ந்ததும் கையெழுத்துப் பத்திரிகையாயிற்று. பிறர் எழுதித் தராத வாரங்களில் பீட்டரே புனைபெயர்களில் பக்கங்களை நிரப்பினான் (பத்திரிகை நடத்துபவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்). வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடுதான் அவனை அடுத்த வாரத்தைப் பற்றி யோசிக்க வைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

கேள்வி: அவனுடைய ஓவியத்தில் போரின் கொடுமை தெரிகிறதா?

பதில்: பலரும் அறிந்த அவனது பென்சில் ஓவியத்தில் தெரியவில்லை. கூர்கூரான மலைகள் நிறைந்த நிலவின் தரையிலிருந்து, தொலைவில் பூமியைப் பார்ப்பதாக அதை வரைந்திருக்கிறான். இது நிஜத்திலிருந்து தப்பியோடும் கற்பனை என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. நிலவுக்கே போனாலும் அவன் பார்வை பூமியின் மீதுதானே இருக்கிறது? கண்ணெதிரே நடந்ததையும் அவன் மறைக்கவில்லை. பிராகில் எழுதிய நாட்குறிப்பில், யூதர்களுக்கு விதிக்கப்பட்ட தடைகளையும், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நாடு கடத்தப்பட்டதையும் புலம்பலின்றிக் குறித்துவைத்தான்.

கேள்வி: பிறகு என்ன ஆயிற்று?

பதில்: 1944 செப்டம்பர் இறுதியில் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பப்பட்டு, 16 வயதிலேயே கொல்லப்பட்டான். கலை அவன் உயிரைக் காப்பாற்றவில்லை. அப்படிக் காப்பாற்றும் என்று சொல்லி யாரையும் தேற்றுவதும் நியாயமல்ல. விடுதித் தோழன் ஒருவன் ஒளித்துவைத்ததால், இதழின் சுமார் 800 பக்கங்கள் மட்டும் தப்பின. நிலவு ஓவியத்தின் நகலை இஸ்ரேலிய விண்வெளி வீரர் இலான் ரமோன் 2003இல் கொலம்பியா விண்கலத்தில் எடுத்துச் சென்றார். திரும்பும் வழியில் அந்த விண்கலம் சிதறி, அவர் உட்பட எழுவரும் இறந்த பிப்ரவரி 1, பீட்டரின் பிறந்தநாளும்கூட. மூல ஓவியம் நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்காக ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.