மேட் தாளில் முகம் மங்கலாக வருவது பற்றி

6000க்கு 4000 பிக்சல் படம், திரையில் இமை முடி வரை தெளிவு, எப்சன் பிரிண்டரில் 18க்கு 12 அங்குல மேட் தாளில் (பளபளப்பில்லாத தாள்) அச்சிட்டால் மங்கல் என்று கேட்டிருந்தீர்கள். லென்ஸைச் சந்தேகப்பட வேண்டாம். மேட் தாள் மையை உறிஞ்சிப் பரவவிடும், அதனால் ஓரங்கள் குழைந்துவிடும். அதை ஈடுகட்ட அச்சுக்கென்றே தனியாக ஷார்ப்பன் செய்ய வேண்டும், அதாவது ஓரங்களைக் கூர்மையாக்க வேண்டும்.

நீங்கள் ஷார்ப்பன் செய்துவிட்டு அளவை மாற்றுகிறீர்கள். அதைத் தலைகீழாக்குங்கள். இந்த அளவில் அங்குலத்துக்கு 333 பிக்சல்தான் வருகிறது. படத்தை நகலெடுத்து அங்குலத்துக்கு 360 பிக்சலாக ஏற்றுங்கள், அப்புறம் கடைசி வேலையாக அன்ஷார்ப் மாஸ்க் (ஷார்ப்பன் செய்யும் கருவி). அதில் ரேடியஸ் (ஓரத்தைச் சுற்றி எத்தனை பிக்சல் வரை) 1.5, த்ரெஷோல்டு (எவ்வளவு சிறிய வேறுபாட்டைத் தொடாமல் விடுவது) 3 வைத்தால் தோலின் துளைகள் துருத்தாது. திரையில் 100 சதவீத ஜூமில் பார்த்தால் இமை ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும், பயப்படாதீர்கள். 50 சதவீதத்தில் பாருங்கள்.

அமவுண்ட், அதாவது ஷார்ப்பனின் வலு, எவ்வளவு என்பதைத் தாள்தான் சொல்லும். கண் பகுதியை மட்டும் அதே அச்சு அளவில் வெட்டி, 80, 120, 160 என்று மூன்று துண்டுகளை ஒரே தாளில் அச்சிட்டு, மை காய்ந்ததும் கைநீட்டு தூரத்தில் வைத்துப் பாருங்கள். பளபளப்புத் தாளுக்கு இதைவிடக் குறைவாகவே போதும்.

அப்புறம், பிரிண்டர் அமைப்பில் தாள் வகை மேட் என்றுதான் இருக்கிறதா? பளபளப்புத் தாள் என்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.